வணிகச் சட்டத் தேர்வில் கோளாறு எங்கே? விடைத்தாளைப் பார்த்துக் கண்டுபிடிக்கும் வழி

பி.காம், பி.பி.ஏ. பிள்ளைகளுக்கு வணிகச் சட்டம் நடத்துகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சேலத்தில் ஒரு கல்லூரியில் பல வருடமாக இந்தப் பாடத்தை நடத்தி வருகிறேன். மார்க் குறைந்தால் பிள்ளைகள் படிக்கவில்லை என்றுதான் முதலில் வாயில் வரும். நானும் வெகுகாலம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பல முறை கோளாறு நாம் தயாரித்த வினாத்தாளில் இருக்கிறது. திருத்தி முடித்த விடைத்தாள் கட்டை இன்னொரு தடவை புரட்டினால் அது எந்த இடத்தில் என்றும் தெரிந்துவிடும்.

எங்கள் பக்கத்துக் கல்லூரிகளில் பெரும்பாலும் 25 மார்க் இன்டர்னல், 75 மார்க் செமஸ்டர் தேர்வு. 75-ஐ நாம் தொட முடியாது. கீழே சொல்லியிருப்பதெல்லாம் அந்த 25-க்குள் நாமே மாற்றக்கூடியவை. தன்னாட்சிக் கல்லூரியில் இருப்பவர்கள் முழுத் தாளுக்கும் எடுத்துக்கொள்ளலாம். உங்கள் கட்டில் தெரியும் அறிகுறி எதுவோ, நேரே அந்தப் பகுதிக்குப் போங்கள்.

அறிகுறி: அறுபது தாளிலும் ஒரே விடை

வரிசை மாறாமல், உதாரணம்கூட மாறாமல், எல்லாத் தாளும் ஒன்றுபோல இருக்கும். காப்பி அடித்தார்களோ என்று சந்தேகம் வரும். அப்படி இருக்காது. எல்லோரும் ஒரே கைடைப் படித்திருப்பார்கள். கேள்வியை எடுத்துப் பாருங்கள்: "செல்லத்தக்க ஒப்பந்தத்தின் இன்றியமையாக் கூறுகளை விவரி." இந்தக் கேள்விக்கு விடை கைடில்தான் இருக்கும், வேறெங்கும் இருக்க வழியில்லை.

"விவரி" என்பதை "ஆராய்க" என்று மாற்றுவது தீர்வாகாது. வினாத்தாள் படிவத்தில், கேள்வி எந்த அளவு யோசனையைக் கேட்கிறது என்று காட்ட, கே1, கே2 என்று கே-லெவல் போடச் சொல்கிறார்கள் அல்லவா? பெஞ்சமின் ப்ளூம் குழுவினர் 1956-ல் வகுத்து, ஆண்டர்சன், க்ராத்வோல் குழுவினர் 2001-ல் திருத்தி அமைத்த படிநிலைதான் அது. "ஆராய்க" என்று எழுதிப் பக்கத்தில் கே4 என்று போட்டாலும், விடை கைடின் 42-ஆம் பக்கத்தில் இருந்தால் அது கே1 கேள்விதான். பிள்ளை செய்வது நினைவிலிருந்து எடுத்து எழுதும் வேலை மட்டுமே.

தீர்வு, ஒரு கதையைக் கொடுத்து முடிவு கேட்பது. கதை நம் ஊரில் நடப்பதாக இருந்தால் நல்லது. நான் வைத்த ஒன்றைச் சொல்கிறேன்.

"செவ்வாய்பேட்டை வியாபாரி ஒருவர் சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவரிடம் வெள்ளி கொடுத்து, அதே வெள்ளியில் கொலுசு செய்து தரச் சொல்கிறார். போன வாரம் செய்த கொலுசுக்குக் கூலி 12,000 ரூபாய் பாக்கி. அந்தக் கொலுசை வியாபாரி ஏற்கெனவே வாங்கிக்கொண்டு போய்விட்டார். இந்த வாரக் கூலி 18,000 ரூபாயை முழுசாகக் கொடுத்துவிட்டார். பழைய பாக்கியைத் தீர்க்காமல் இந்த வாரக் கொலுசைத் தரமாட்டேன் என்கிறார் பட்டறைக்காரர். அவருக்கு அந்த உரிமை உண்டா?"

கிடையாது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் 170-ஆம் பிரிவின்படி, எந்தப் பொருளில் உழைப்பும் திறமையும் போட்டாரோ அந்தப் பொருளின் கூலிக்காக மட்டும்தான் அதைப் பிடித்து வைக்கலாம். பொதுவான பாக்கி எதற்கு வேண்டுமானாலும் பிடித்து வைக்கும் உரிமையை 171-ஆம் பிரிவு வங்கி, ஃபேக்டர் எனப்படும் விற்பனை முகவர், படகுத்துறைக் கிடங்கு நடத்துகிறவர், உயர் நீதிமன்ற வழக்கறிஞர், காப்பீட்டுப் பாலிசித் தரகர் என்று ஐந்து வகையினருக்கே தருகிறது. வேறு யாருக்காவது அது வேண்டுமானால் வெளிப்படையாகப் பேசி ஒப்பந்தம் போட்டிருக்க வேண்டும். கொலுசுப் பட்டறை அந்த ஐந்தில் இல்லை.

கேள்வி நல்லதா என்று பார்க்க நான் ஒரே ஒரு சோதனை வைத்திருக்கிறேன். கதையிலிருந்து ஒரு விவரத்தை உருவிவிட்டுப் பாருங்கள். விடை மாறுகிறதா? மேலே உள்ளதில் இந்த வாரக் கூலியும் பாக்கி என்று மாற்றினால் விடை தலைகீழாகிவிடும், 18,000 ரூபாய்க்காக அவர் பிடித்து வைக்கலாம். "அதே வெள்ளியில்" என்ற இரண்டு சொல்லை எடுத்துவிட்டால், இது கொடுத்த பொருளையே வேலை முடிந்ததும் திரும்பப் பெறும் ஒப்படைப்பா, வெள்ளிக்குக் கொலுசு மாற்றிக்கொள்ளும் வேறு ஏற்பாடா என்ற குழப்பமே வந்துவிடும். இப்படி ஒவ்வொரு விவரமும் விடையைத் தாங்கிக்கொண்டு நின்றால் அந்தக் கேள்வியைக் கைடு தீர்க்காது. எந்த விவரத்தை உருவினாலும் விடை மாறவில்லை என்றால், நாம் கதை வேஷத்தில் பழைய கேள்வியைத்தான் கேட்டிருக்கிறோம்.

அறிகுறி: கதை கொடுத்தோம், விடை ஒரே வரியில் முடிந்துவிட்டது

"பட்டறைக்காரருக்கு உரிமை இல்லை, பிரிவு 170." அவ்வளவுதான். இதற்கு எப்படி மார்க் போடுவது என்று தவித்திருப்பீர்கள். முடிவு சரி, பிரிவு எண்ணும் சரி. ஆனால் அந்தப் பிள்ளைக்குப் புரிந்ததா, பக்கத்தில் கேட்டதா என்று சொல்ல முடியாது.

காரணம், நம் விடைக்குறிப்பு முடிவுக்கும் எண்ணுக்கும் மார்க்கை வைத்திருக்கிறது. எதற்கு மார்க் என்று பிள்ளைகள் சீக்கிரம் மோப்பம் பிடித்துவிடுவார்கள். பத்து மார்க் கேள்வியை நான் இப்படிப் பிரிக்கிறேன்: பிரச்சினை என்ன என்று அடையாளம் காண்பதற்கு 2, பொருந்தும் விதிக்கு 2, அந்த விதியைக் கதையின் விவரங்களோடு சேர்த்துக் காட்டுவதற்கு 5, முடிவுக்கு 1. இந்தப் பிரிவினையை வினாத்தாளிலேயே அச்சிட்டுவிடுவேன். ஒளித்து வைக்க அதில் எதுவும் இல்லை.

அப்புறம் இன்னொன்று. பிரிவின் வாசகத்தையே தாளில் கொடுத்துவிடுங்கள். 148, 170, 171, 172 நான்கையும் அச்சிட்டுத் தருகிறேன். 172 அடகு பற்றியது, இந்தக் கதைக்கு வேண்டாதது, தெரிந்தேதான் சேர்க்கிறேன். நான்கில் எது பொருந்தும், எது பொருந்தாது, ஏன் என்று எழுதுவதில் பிள்ளையின் புத்தி வெளியே தெரியும். நாளைக்கு ஆடிட்டர் ஆபீஸிலோ அரிசி மண்டியிலோ வேலைக்குப் போனால் சட்டப் புத்தகம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். புத்தகத்தைத் திறந்து எதைத் தேடுவது என்பதைத்தான் நாம் கற்றுத்தர வேண்டும்.

"சேர்த்துக் காட்டுவது" என்றால் என்ன என்று பலருக்குத் தெரியாது. அதனால் முதல் தேர்வுக்கு முன் ஒரு வகுப்பை ஒதுக்கி, போர்டில் ஒரு விடையைப் பிள்ளைகளோடு சேர்ந்து எழுதுங்கள். "போன வாரக் கொலுசு இப்போது பட்டறைக்காரர் கையில் இல்லை, கையில் இருக்கும் கொலுசின் கூலி தீர்ந்துவிட்டது, ஆகவே 170 அவருக்கு உதவாது" என்று விவரமும் விதியும் ஒரே வாக்கியத்தில் வருவதைக் கண்ணால் பார்த்தால் பிடித்துக்கொள்வார்கள்.

அறிகுறி: நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கு மார்க் குறைவு

இந்த அறிகுறி தெரிந்தால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு இதைக் கவனியுங்கள். ஒரு வருடம் எனக்கே நடந்தது.

நான் கேட்ட கேள்வி இது. ஆத்தூர்ப் பக்கம் ஒரு விவசாயி, தோட்டத்தில் பிடுங்கிக் குவித்த குச்சிக்கிழங்கு (மரவள்ளி) முழுவதையும் ஒரு சேகோ (ஜவ்வரிசி) மில்லுக்கு விற்கிறார். விலை பாயிண்டுக்கு இவ்வளவு என்று பேச்சு. கிழங்கில் மாவு எத்தனை பாயிண்ட் என்று மில்லில் சோதித்த பிறகுதான் மொத்தத் தொகை தெரியும். லாரி வரும் வழியில் கவிழ்ந்து கிழங்கு பூராவும் ஏரித் தண்ணீரில் போய்விட்டது. நட்டம் யாருக்கு?

என் விடைக்குறிப்பு: 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 22. விலையைக் கண்டுபிடிக்கச் சோதனை பாக்கி இருப்பதால் உடைமை (சரக்கு யாருக்குச் சொந்தம் என்பது) மாறவில்லை. 26-ஆம் பிரிவின்படி உடைமை யாரிடமோ நட்டமும் அவருக்கே. ஆகவே விவசாயிக்கு நட்டம். வகுப்பில் பெரும்பாலோர் அப்படியே எழுதி ஏழு, எட்டு வாங்கினார்கள். ஒரு பெண் நட்டம் மில்லுக்கு என்று எழுதியிருந்தாள். மூன்று மார்க் போட்டேன்.

தாள் கொடுத்த அன்று அவள் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்று, "சார், பாயிண்ட் பாக்கறது மில்லுக்காரங்கதானுங்க சார். பிரிவுல விற்கிறவர் பார்க்கணும்னு இருக்குதே" என்றாள். அவள் வீட்டில் கிழங்கு போடுகிறார்கள்.

சட்டப் புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். எடை போடவோ, அளக்கவோ, சோதிக்கவோ விற்பவர் கடமைப்பட்டிருந்தால்தான் 22 வரும். என் கதையில் சோதிப்பது வாங்குகிறவர். அப்படியானால் 22 வராது. குறிப்பிட்ட சரக்கு, ஒப்படைக்கத் தயாரான நிலையில் இருந்தால், பணமும் சரக்கும் பின்னால் கைமாறினாலும் ஒப்பந்தம் ஆன அப்போதே உடைமை மாறிவிடும் என்கிறது 20-ஆம் பிரிவு. அந்தப் பெண் எழுதியது அதைத்தான். 19-ஆம் பிரிவின்படி இரு தரப்பின் எண்ணம் வேறாக இருந்திருந்தால் விடை மறுபடியும் மாறும். லாரி யாருடையது, மில் வாசலில் திருப்பி அனுப்பும் வழக்கம் உண்டா என்று எதையும் நான் சொல்லவில்லை. அந்த வகுப்பில் சட்ட வாசகத்தைச் சட்டமாகப் படித்தது அவள் ஒருத்திதான். அவளுக்குத்தான் நான் மூன்று மார்க் போட்டிருந்தேன். அன்றைக்கே அவள் மார்க்கைத் திருத்தி, வகுப்பிலும் சொன்னேன்.

இதைத் தடுக்க மூன்று காரியம் செய்கிறேன். கேள்வியை விடைக்குறிப்பு இல்லாமல் இன்னொரு ஆசிரியரிடம் கொடுத்து எழுதச் சொல்வேன். அவர் விடை என் விடையோடு ஒத்துவரவில்லை என்றால் கேள்வியில் ஏதோ விடுபட்டிருக்கிறது. பிரிவின் ஒவ்வொரு சொல்லையும் கதையோடு பொருத்திப் பார்ப்பேன். விற்பவரா வாங்குபவரா, குறிப்பிட்ட சரக்கா பொதுச் சரக்கா என்று சட்டம் எந்தச் சொல்லில் நிற்கிறதோ அந்தச் சொல்லுக்கு ஒரு விவரம் கதையில் இருந்தே ஆக வேண்டும். மூன்றாவதாக, விடைக்குறிப்பின் அடியில் "மாற்று விடை" என்று ஓர் இடம் விட்டு வைப்பேன். திருத்தும்போது நியாயமான வேறு வழி ஒன்று கண்ணில் பட்டால் அங்கே எழுதிக்கொண்டு, அதற்கு முன் திருத்திய தாள்களையும் திரும்ப எடுப்பேன்.

திருத்தி முடித்ததும் முதல் ஐந்து பிள்ளைகளின் தாளைத் தனியாக எடுத்து வைத்து, அவர்கள் எங்கே மார்க் இழந்தார்கள் என்று பார்ப்பது இப்போது என் வழக்கம். ஒரே கேள்வியில் மூன்று பேர் இழந்திருந்தால் முதலில் என் விடைக்குறிப்பைத்தான் சந்தேகப்படுவேன்.

அறிகுறி: கொள்குறி வினாவில் யாரைக் கேட்டாலும் சரியான விடை

நான்காவது தெரிவாக "மேற்கண்ட அனைத்தும்" இருக்கிறதா? சரியான விடை மட்டும் மற்ற மூன்றைவிட நீளமாக இருக்கிறதா? அப்படியானால் பாடம் படிக்காதவரும் கண்டுபிடித்துவிடுவார். "மோஹரி பீபி வழக்கு எந்த ஆண்டு?" என்பதும் வீண். 1903 என்று எழுதுகிற பிள்ளைக்கு, மைனர் செய்த ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்பது தெரியுமா என்று நமக்குத் தெரியாது.

தவறான தெரிவுகளைப் பிள்ளைகள் உண்மையில் செய்யும் தவறிலிருந்து எடுங்கள். ஓர் உதாரணம்: மிளகு வாங்கிக்கொள்ளும்படி சேலம் வியாபாரி ஒருவர் எழுதுகிறார். ஏற்காட்டில் இருப்பவர் சம்மதம் என்று திங்கள் காலை பதில் கடிதத்தைத் தபாலில் சேர்க்கிறார். மதியமே மனம் மாறி, வியாபாரியைப் போனில் அழைத்து வேண்டாம் என்கிறார். கடிதம் புதன்கிழமைதான் வியாபாரி கைக்குக் கிடைக்கிறது. ஒப்பந்தம் உண்டா?

இல்லை. கடிதம் தபாலில் சேர்ந்ததும் வியாபாரி கட்டுப்பட்டுவிடுகிறார். ஆனால் அது வியாபாரிக்குத் தெரியவரும் வரை ஏற்றவர் கட்டுப்படுவதில்லை, அதற்கு முன் திரும்பப் பெறலாம் என்று 4, 5 பிரிவுகள் சொல்கின்றன. "தபாலில் போட்டாயிற்று, இனி யாரும் மாற முடியாது" என்பது வகுப்பில் நான் அடிக்கடி கேட்கும் அரைகுறைப் புரிதல். அதைத் தெரிவுகளில் ஒன்றாக வையுங்கள். பாதி படித்தவர்கள் அங்கே போய் நிற்பார்கள்.

தேர்வு முடிந்ததும் ஒரு சின்னக் கணக்கு. மேல் 27 சதவீதமும் கீழ் 27 சதவீதமும் போதும் என்று ட்ரூமன் கெல்லி 1939-ல் காட்டியதை இன்றும் பயன்படுத்துகிறார்கள். அறுபது பேர் வகுப்பில் மேலே 16, கீழே 16. ஒவ்வொரு வினாவுக்கும் மேல் குழுவில் எத்தனை பேர் சரி, கீழ்க் குழுவில் எத்தனை பேர் சரி என்று எண்ணுங்கள். மேலே 14, கீழே 5 என்றால் வினா தன் வேலையைச் செய்கிறது. மேலே 15, கீழே 15 என்றால் அது யாரையும் பிரித்துக் காட்டவில்லை. கீழ்க் குழு அதிகமாக இருந்தால் விடைக்குறிப்பிலேயே தப்பு இருக்கக்கூடும், எடுத்துப் பாருங்கள்.

அறிகுறி: இரண்டு பேர் திருத்தினால் இரண்டு மார்க்

இரண்டு பிரிவு வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள் இருக்கும் கல்லூரியில் இது சகஜம். திருத்தத் தொடங்கும் முன் ஐந்து தாளை ஜெராக்ஸ் எடுத்து இருவரும் தனித்தனியே மார்க் போட்டு, வித்தியாசம் வருகிற இடத்தைப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். ஒரு டீ குடிக்கும் நேரம்தான் ஆகும். ஒருவரே திருத்தினாலும் ஒரு பிள்ளையின் முழுத் தாளையும் திருத்தாமல், எல்லாத் தாளிலும் முதல் கேள்வி, அப்புறம் எல்லாத் தாளிலும் இரண்டாம் கேள்வி என்று போனால் கை ஒரே சீராக இருக்கும்.

அறிகுறி: வகுப்பில் பேசுகிறான், தாளில் ஒன்றுமில்லை

கடைசிக் கேள்வி பாதிப் பேருக்குக் காலியாக இருந்தால் நேரம் போதவில்லை. உங்கள் தாளுக்கு நீங்களே கையால் விடை எழுதிப் பாருங்கள். நான் எழுத எடுக்கும் நேரத்தைப் போல மூன்று மடங்கு விடுகிறேன்.

காலியாக இல்லாமல் உடைந்த ஆங்கிலத்தில் தடுமாறிக்கொண்டு இருந்தால், அது மொழிச் சிக்கல். எங்கள் வகுப்பில் ஆங்கில வழி என்று பெயர், ஆனால் வாழப்பாடி, ஓமலூர், மேட்டூர்ப் பக்கத்துப் பள்ளிகளில் தமிழில் படித்துவிட்டு வந்தவர்கள் ஏராளம். மறுபயன் (கைமாறாகக் கிடைப்பது) இல்லாத வாக்குறுதி ஏன் செல்லாது என்று தமிழில் அழகாகச் சொல்லும் பையன், ஆங்கிலத்தில் நான்கு வார்த்தை எழுதி நிறுத்திவிடுகிறான். சந்தேகம் வந்தால் அவனைக் கூப்பிட்டு அதே கேள்வியை வாயால் கேளுங்கள். சொல்லிவிட்டான் என்றால் நாம் சட்டத்தை அளக்கவில்லை, ஆங்கிலத்தை அளந்திருக்கிறோம். இன்டர்னல் தேர்வில் தமிழிலோ இரண்டும் கலந்தோ எழுத விடுங்கள். கலைச்சொற்களை மட்டும் இரு மொழியிலும் தாளின் தலைப்பில் பட்டியல் போட்டுக் கொடுங்கள். இலக்கணப் பிழைக்கு மார்க் குறைக்காதீர்கள். செமஸ்டர் தேர்வுக்கு ஆங்கிலத்தில் எழுதியாக வேண்டும் என்றால் அதற்குத் தனியாகப் பயிற்சி கொடுக்கலாம். முதலில் யோசனை வரட்டும்.

அறிகுறி: செத்துப்போன சட்டத்தை எழுதுகிறார்கள்

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986, மாவட்ட மன்றம், அங்கே வழக்குப் போட 20 லட்சம் வரம்பு என்று எழுதியிருப்பார்கள். அது போய், 2019-ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடப்பில் இருக்கிறது. இப்போது அது மாவட்ட ஆணையம். வரம்பை முதலில் ஒரு கோடி என்று வைத்து, 2021 விதிகளில் 50 லட்சமாகக் குறைத்தார்கள். அதுவும் கொடுத்த விலையை வைத்துத்தான் கணக்கு. பிள்ளைகளைத் திட்டும் முன் நம் கொஸ்டின் பேங்கைப் பாருங்கள், அதிலேயே பழைய கேள்வி இருக்கும். வருடத்துக்கு ஒரு முறை களையெடுத்தால் போதும்.

அறிகுறி: அசைன்மென்ட் எல்லாம் ஒரே நடை, ஒரே பளபளப்பு

முன்பு ஒருவர் எழுதியதை மற்றவர்கள் பார்த்து எழுதினார்கள். இப்போது செல்போனில் கேட்டால் அதுவே எழுதிக் கொடுக்கிறது. தலைப்பு "நுகர்வோர் உரிமைகள்" என்று இருக்கிற வரை இது தீராது. கண்டுபிடித்துத் தண்டிப்பதில் நேரத்தைக் கொட்டுவதைவிட அசைன்மென்ட்டை மாற்றுவது சுலபம்.

நான் கேட்பது ஒரு காகிதம். வீட்டிலோ தெருவிலோ கிடைக்கும் ஒரு பில், வாடகைப் பத்திரம், கொட்டேஷன், கூலிச் சீட்டு ஏதாவது ஒன்று. பெயர், போன் நம்பரை மறைத்துக் கொண்டுவர வேண்டும். அதில் உள்ள ஒரு வரியை எடுத்து, சட்டம் அதைப் பற்றி என்ன சொல்கிறது என்று ஒரு பக்கம் எழுத வேண்டும். "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்ற வரியைத்தான் முதலில் எல்லோரும் கொண்டு வருவார்கள். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகச் செயல் என்று 2019 சட்டத்தின் 2(47) சொல்கிறது. பில்லில் கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாள். அப்படியானால் குறையே இல்லாத சேலையை நிறம் பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுத்தால்? அங்கேதான் பிள்ளை யோசிக்க ஆரம்பிப்பான்.

எழுதியதற்குப் பாதி மார்க், அப்புறம் மேஜைக்கு முன்னால் மூன்று நிமிடப் பேச்சுக்குப் பாதி மார்க். காகிதத்தில் ஒரு விவரத்தை நான் மாற்றுவேன், முடிவு மாறுமா என்று அவர்கள் சொல்ல வேண்டும். அறுபது பேருக்கு மூன்று மணி நேரம். இரண்டு மூன்று நாள் மதியத்தில் முடித்துவிடலாம். யார் எழுதிக் கொடுத்தது என்ற கேள்வியே அங்கே எழாது.

போன செமஸ்டரில் பனங்காட்டிலிருந்து வரும் ஒரு பையன் அவன் அப்பாவின் பட்டறைக் கூலிச் சீட்டைக் கொண்டு வந்தான். "கூலி 90 நாள்" என்று அதில் பேனாவால் எழுதியிருந்தது. நான் கேள்வி கேட்கும் முன்னால் அவனே கேட்டான்: "சார், தொண்ணூறு நாள் தவணைன்னு ஒத்துக்கிட்டு எழுதிட்டா, கொலுசைப் பிடிச்சு வைக்க முடியாதுங்களா?" 170-ஆம் பிரிவின் கீழேயே சட்டம் ஓர் உதாரணம் தருகிறது. கோட்டு தைத்து முடித்ததும் கொடுத்துவிடுகிறேன், கூலிக்கு மூன்று மாதம் தவணை என்று ஒத்துக்கொண்ட தையல்காரர் அந்தக் கோட்டைப் பிடித்து வைக்க முடியாது. அந்தப் பக்கத்தை எடுத்து அவனையே படிக்கச் சொன்னேன். படித்துவிட்டு, "அப்போ அப்பாகிட்ட அந்த வரியை எழுத வேண்டாம்னு சொல்லணும்" என்றான். பத்துக்குப் பத்து போட்டேன். இந்த வருட மாடல் தேர்வில் கொலுசுக் கேள்வியோடு அந்தத் தொண்ணூறு நாளையும் சேர்த்திருக்கிறேன்.